அமெரிக்க நர்சிங் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

அமெரிக்காவில் நர்சிங் படிக்க விண்ணப்பிக்கும் தமிழ்ப் பெண்களில் ஒரு வகையினரை அடிக்கடி பார்க்கிறேன். ஊரில் பொறியியலோ பயோடெக்னாலஜியோ முடித்திருப்பார்கள். கல்யாணமாகி, இங்கே வேலை பார்க்கும் கணவரோடு இருக்கத் தரும் எச்4 விசாவில் வந்து, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு நர்சிங் என்று முடிவெடுத்திருப்பார்கள். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, டீஸ் என்னும் நர்சிங் நுழைவுத் தேர்வும் எழுதிவிடுவார்கள். விண்ணப்பத்தில் 'பரிந்துரைக் கடிதம் இரண்டு அல்லது மூன்று' என்ற இடம் வந்ததும் கை நின்றுவிடும். யாரைக் கேட்பது? தெரிந்தவர் யார் இருக்கிறார்?

நம் கல்லூரிகளில் டி.சி.யோடு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ் தருவார்கள். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும் ஒற்றை வரி அது. அதை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது. இங்கே கேட்பது, உங்களை நேரில் பார்த்துப் பழகிய ஒருவர், இவர் இப்படி வேலை செய்வார், நெருக்கடியில் இப்படி நடந்துகொள்வார், நோயாளியை நம்பி ஒப்படைக்கலாம் என்று தன் பெயரில் எழுதித் தரும் சாட்சியம். அதனால் எழுதுகிறவரின் பதவியைவிட அவர் உங்களை எவ்வளவு பார்த்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றை ஒட்டித்தான்.

முதலில், கடிதம் தேவைதானா?

எல்லாப் படிப்புக்கும் தேவையில்லை. கம்யூனிட்டி காலேஜ்களின் ஏடிஎன் என்னும் இரண்டாண்டு நர்சிங் படிப்புகளில் பல, மதிப்பெண், டீஸ் அல்லது அதைப் போன்ற ஹெசி நுழைவுத் தேர்வு, முடித்த பாடங்கள் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டே சேர்த்துக்கொள்கின்றன. கடிதமே கேட்பதில்லை. கேட்காத இடத்துக்கு அனுப்பவும் வேண்டாம், படிக்க மாட்டார்கள்.

பள்ளி முடித்து நேரடியாக பிஎஸ்என் என்னும் நான்காண்டு இளங்கலைப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத் தளம் வழியாகப் பள்ளி ஆலோசகரும் ஆசிரியரும் எழுதுவார்கள். அது தனிக்கதை, இங்கே விட்டுவிடுகிறேன். ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான ஏபிஎஸ்என் என்னும் துரிதப் படிப்பு, நர்சிங் அல்லாத பட்டத்தோடு சேரும் முதுகலைப் படிப்பு, பணியில் இருக்கும் நர்ஸ்கள் சேரும் எம்எஸ்என் (முதுகலை), டிஎன்பி (முனைவர் நிலை) ஆகியவற்றில்தான் கடிதம் பெரிதாகப் பேசும்.

ஒரு தாளை எடுத்து, விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கடிதம், யாரிடமிருந்து, எந்த வழியாக, கடைசித் தேதி எது. 'யாரிடமிருந்து' என்பதை இரண்டு முறை படியுங்கள். ஒரு கல்லூரி அறிவியல் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் கட்டாயம் என்னும். இன்னொன்று உங்களை நேரடியாக மேற்பார்வை செய்தவர் வேண்டும் என்னும். முதுகலைப் படிப்பாக இருந்தால், எழுதுகிறவர்களில் ஒருவர் நர்ஸாக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியிலிருந்து வரும் கடிதத்தை ஏற்காமல், நிறுவன முகவரிதான் வேண்டும் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. இந்தப் பட்டியல் இல்லாமல் யாரிடமும் போய் நிற்காதீர்கள்.

யாரைக் கேட்கலாம்

நர்சிங்கில் சேரும் முன் முடிக்க வேண்டிய அனாட்டமி போன்ற முன்தேவைப் பாடம் எடுத்த பேராசிரியர் முதல் ஆள். அதிலும் லேப் நடத்தியவர் என்றால் இன்னும் நல்லது. விரிவுரை வகுப்பில் நூறு பேரில் ஒருவராக உட்கார்ந்திருப்பீர்கள். லேபில் நீங்கள் மைக்ராஸ்கோப்பை எப்படிக் கையாண்டீர்கள், உடன் இருந்தவர் திணறியபோது என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். எல்லாவற்றிலும் ஏ வாங்கிய வகுப்பைவிட, முதல் தேர்வில் சறுக்கி, ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்டுக் கற்று, பி பிளஸ்ஸில் முடித்த வகுப்பின் ஆசிரியர் நல்ல கடிதம் எழுதக்கூடும். அவரிடம் சொல்ல ஒரு சம்பவம் இருக்கிறதே.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுப்பவர்களில் பலர் பகுதிநேர ஆசிரியர்கள். அடுத்த செமஸ்டரில் அவர் அங்கே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போய்விட்டால் கல்லூரி மின்னஞ்சலும் போய்விடும். வகுப்பு முடியும் வாரத்திலேயே 'அடுத்த ஆண்டு நர்சிங்குக்கு விண்ணப்பிக்கிறேன், அப்போது உங்களைத் தொடர்புகொள்ளலாமா' என்று கேட்டு, நிலையான முகவரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் வேலையை மேற்பார்வை செய்தவர். சிஎன்ஏவாக, அதாவது சான்றிதழ் பெற்ற நர்சிங் உதவியாளராக, வேலை பார்த்திருந்தால் உங்கள் நர்ஸ் மேனேஜர் அல்லது ஷிஃப்ட் பொறுப்பில் இருக்கும் சார்ஜ் நர்ஸ். ஆனால் பணியாளரைப் பற்றி, வேலை செய்த தேதிகளையும் பதவியையும் மட்டுமே, அதுவும் எச்ஆர் வழியாக மட்டுமே உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி பல மருத்துவமனைகளில் உண்டு. மேனேஜர் மறுத்தால் அது உங்கள்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விதி யாரையெல்லாம் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டு, உங்களோடு ஷிஃப்ட் பார்த்த மூத்த நர்ஸ் தன் சொந்தப் பொறுப்பில் எழுதலாமா என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, தன்னார்வப் பணியின் ஒருங்கிணைப்பாளர். எச்4 விசாவில் வேலை அனுமதி இல்லாதவர்கள் சிஎன்ஏ வேலைக்குப் போக முடியாது. படிக்கலாம், உண்மையான தன்னார்வப் பணி செய்யலாம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹாஸ்பிஸ். இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இந்த அமைப்புகள் மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பணம் பெற வேண்டுமானால், நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்குத் தன்னார்வலர்களின் பங்களிப்பு இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி விதியே இருக்கிறது. அதனால் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள், பயிற்சியும் தருவார்கள். வாரம் ஒருமுறை ஒரு முதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, வாசித்துக் காட்டுவது, பராமரிக்கும் குடும்பத்தினருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது, இதுதான் வேலை. சில மாதம் தவறாமல் போனால் ஒருங்கிணைப்பாளருக்கு உங்களை நன்றாகத் தெரிந்துவிடும். மரணத்தின் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் என்று ஒருவர் எழுதித் தருவது நர்சிங் கல்லூரிக்குச் சாதாரணக் கடிதம் இல்லை. இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழைய ஐடி வேலையின் மேனேஜர்? தாராளமாக, ஆனால் மூன்றில் ஒருவராக மட்டும். இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தபோது பதறாமல் வேலை பார்த்தது, புதிதாகச் சேர்ந்தவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தது, தன் தவறைத் தானே முன்வந்து சொன்னது. இவை வார்டுக்கும் பொருந்தும் குணங்கள். ஜாவா எழுதுவதில் வல்லவர் என்ற கடிதத்தால் பயன் இல்லை.

ஊரில் உள்ள கல்லூரிப் பேராசிரியரைக் கேட்பதாக இருந்தால், அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டம் முடித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது என்றால் சமீபத்தில் உங்களைப் பார்த்தவரே மேல்.

கேட்கக் கூடாதவர்கள்: சொந்தக்காரர்கள், குடும்ப நண்பர்கள், கோயில் அல்லது தமிழ்ச் சங்கத் தலைவர், உங்களோடு ஒருநாளும் வேலை செய்யாத பெரிய டாக்டர். குடும்ப மருத்துவர் எவ்வளவு பிரபலமானவராக இருந்தாலும், அவர் உங்களை நோயாளியாகத்தான் பார்த்திருக்கிறார். சங்கப் பள்ளியில் வாராவாரம் நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்ததை மேற்பார்வை பார்த்த முதல்வர் என்றால் அது வேறு. அவர் உங்கள் வேலையைப் பார்த்தவர்.

ஆன்லைனிலேயே படித்தவர்களுக்கு

பதிவு செய்த வீடியோவைப் பார்த்து, வினாடி வினாவை முடித்து, ஆசிரியரோடு ஒருமுறைகூடப் பேசாமல் பாடத்தை முடிக்க முடியும். மதிப்பெண் வரும், கடிதம் வராது. ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால் மீதமுள்ள பாடங்களில் குறைந்தது ஒன்றையாவது நேரில் எடுக்கப் பாருங்கள். முடியாது என்றால் ஆசிரியரின் ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு, ஜூமில் என்றாலும், தவறாமல் போங்கள். நம்மில் பலருக்கு ஆசிரியர் அறைக்குப் போவது என்றாலே தப்பு செய்தவர் போல ஒரு கூச்சம். இங்கே அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. யாரும் வராமல் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதும் உண்டு. சிறுநீரகத்தில் சோடியம் எப்படித் திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று உண்மையாகவே புரியாததைக் கேளுங்கள். நர்சிங்குக்குப் போக விரும்புவதையும் இடையில் சொல்லுங்கள். கடிதத்துக்காக மட்டும் வந்து நிற்பவரை அவர்களுக்குத் தெரியும்.

கேட்கும் முறை

கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பு கேளுங்கள். நான்கு வாரத்துக்குக் குறைந்தால் மரியாதை இல்லை. டிசம்பரிலும் மே மாதத்திலும் பேராசிரியர்கள் இறுதித் தேர்வு திருத்திக்கொண்டிருப்பார்கள். பலருக்கு ஒன்பது மாத ஒப்பந்தம்தான் என்பதால் ஜூன், ஜூலையில் மின்னஞ்சலுக்குப் பதிலே வராமல் போகலாம். கோடையின் கடைசியில் விண்ணப்பம் முடியப்போகிறது என்றால் ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள்.

முடிந்தால் நேரில் கேளுங்கள், பிறகு மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். கேள்வியின் வடிவம் முக்கியம். 'கடிதம் தருவீர்களா' என்றால் சங்கடத்தில் சரி என்பார்கள். 'நர்சிங் படிப்புக்கு எனக்கு வலுவாகப் பரிந்துரைத்து எழுதும் அளவுக்கு என் வேலையைப் பார்த்திருப்பதாக நினைக்கிறீர்களா' என்று கேளுங்கள். மறுக்க அவருக்கு வழி கிடைக்கிறது. உங்களுக்கும் உண்மை தெரிகிறது. 'உன்னை எனக்கு அவ்வளவாகத் தெரியாதே' என்றோ, 'வேறு யாராவது இருந்தால் பார்' என்றோ பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். வற்புறுத்தி வாங்கிய கடிதம் இரண்டு பத்தியில் வெளுத்துப்போய் வரும். கல்லூரிக் குழு அதை உடனே உணர்ந்துவிடும்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

'வணக்கம் பேராசிரியர் அவர்களே. சென்ற இலையுதிர்காலத்தில் உங்கள் மைக்ரோபயாலஜி வகுப்பிலும் செவ்வாய்க்கிழமை லேபிலும் இருந்தேன். அறியாத பாக்டீரியாவை அடையாளம் காணும் ப்ராஜெக்டை உங்களிடம் செய்தேன். இந்த ஆண்டு மூன்று கல்லூரிகளில் ஏபிஎஸ்என் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். லேபில் என் வேலையை நெருக்கமாகப் பார்த்தவர் நீங்கள் என்பதால், எனக்கு வலுவான பரிந்துரைக் கடிதம் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா எனக் கேட்க விரும்புகிறேன். கடைசித் தேதிகளில் முதலில் வருவது அக்டோபர் 1. சம்மதம் என்றால் என் ரெஸ்யூமே, விண்ணப்பக் கட்டுரை, உங்கள் வகுப்பைப் பற்றிய என் குறிப்புகள் ஆகியவற்றை அனுப்புகிறேன். இந்த முறை நேரம் இல்லை என்றால் முழுமையாகப் புரிந்துகொள்வேன்.'

அவ்வளவுதான். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்' என்று ஊர் மனு போலத் தொடங்க வேண்டாம். டாக்டர் பட்டம் பெற்றவரை டாக்டர் என்றும், மற்ற ஆசிரியரைப் பேராசிரியர் என்றும் குடும்பப் பெயரோடு விளித்தால் போதும். எந்த வகுப்பு, எந்தப் பருவம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அவர் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கிறார்.

சம்மதித்தவருக்குக் கொடுக்க வேண்டியவை

சம்மதித்த அன்றோ மறுநாளோ எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்: ஒரு பக்க ரெஸ்யூமே, அதிகாரபூர்வமல்லாத டிரான்ஸ்கிரிப்ட், கட்டுரையின் வரைவு, கல்லூரிகளின் பட்டியலும் கடைசித் தேதிகளும், கல்லூரி ஏதாவது குணங்களைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பக்கம். பேராசிரியர் உங்கள் மதிப்பெண்ணைக் கடிதத்தில் குறிப்பிட விரும்பினால், ஃபெர்பா என்னும் 1974ஆம் ஆண்டு மாணவர் தனியுரிமைச் சட்டத்தின்படி உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்குப் படிவம் இருக்கும். கையெழுத்திட்டு இதோடு சேர்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு பக்க நினைவுக் குறிப்பு. அவர் பார்த்த, உங்களுக்கும் நினைவிருக்கும் மூன்று நான்கு சம்பவங்கள். 'நான் கடின உழைப்பாளி' என்பது குறிப்பு இல்லை. 'மூன்றாவது லேபில் எங்கள் குழு வளர்த்த பாக்டீரியா கல்ச்சர் கெட்டுப்போனது. தட்டைத் திறந்து வைத்தது நான்தான் என்று உங்களிடம் சொன்னேன், திரும்பச் செய்ய நேரம் கேட்டேன்' என்பது குறிப்பு. இதைப் படித்ததும் அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வரும். நேர்மையைப் பற்றி அவர் சொந்தமாக ஒரு பத்தி எழுதுவார். வார்டில் நடந்ததை எழுதினால் நோயாளியின் பெயர், அறை எண், தேதி, அடையாளம் தெரியும்படியான நோய் விவரம் எதுவும் வேண்டாம். ஹிப்பா என்னும் நோயாளித் தனியுரிமைச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நோயாளியின் ரகசியத்தைக் காப்பவரா நீங்கள் என்பதை அந்தக் குறிப்பைப் படிக்கும் நர்ஸே கவனிப்பார்.

அப்புறம், நம் ஊர்ப் பேராசிரியர்கள் பாசத்தோடு சொல்லும் ஒரு வாக்கியம்: 'நீயே எழுதி அனுப்பும்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.' இங்கே அது ஏமாற்று. கண்டுபிடித்தால் விண்ணப்பமே போகும். மூன்று கடிதமும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு வந்தால் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: 'சார், இங்க அப்படி அனுமதி இல்ல. நான் குறிப்பு அனுப்புறேன், நீங்க உங்க வார்த்தையில நாலு பத்தி எழுதினா போதும்.' ஆங்கிலம் எளிமையாக இருந்தால் தவறில்லை. கல்லூரியின் லெட்டர்ஹெட், தேதி, அவர் பதவி, உங்களை எத்தனை காலமாக எந்த முறையில் தெரியும் என்ற வரி, கையெழுத்து, இவை இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நர்சிங்கேஸில் பதிவு செய்வது

பல கல்லூரிகள் நர்சிங்கேஸ் என்னும் பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கத்தின் ஏற்பாடு அது. அதில் கடிதத்தை நீங்கள் ஏற்ற முடியாது. பரிந்துரைப்பவரின் பெயர், மின்னஞ்சல், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதைக் கொடுத்தால், தளமே அவருக்கு இணைப்பு அனுப்பும். அவர் சம்மதிக்கும் முன் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். கேட்காமலே வந்து விழும் தானியங்கி மின்னஞ்சலைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. நிஜமான கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முந்திய தேதியைக் கொடுங்கள்.

உள்ளே ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? ஃபெர்பா தரும் உரிமை அது. விட்டுக்கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று எந்தக் கல்லூரியும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் விட்டுக்கொடுங்கள் என்பதே என் யோசனை. நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைக் குழு அதிகம் நம்பும். எழுதுகிறவர்மேல் நம்பிக்கை இல்லாததால் இங்கே தயங்குகிறீர்கள் என்றால், ஆளை மாற்றுங்கள்.

இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவது வாடிக்கை. அனுப்பிய அன்றே 'நர்சிங்கேஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும், ஸ்பாமிலும் பாருங்கள்' என்று தனியாக எழுதுங்கள். ஊரில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் பேசி, அவர் திறந்து பார்க்கும்வரை கூடவே இருங்கள். பல நேரம் உள்ளே கடிதத்தோடு, நம்பகத்தன்மை, தகவல் தொடர்பு, குழுவாக வேலை செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பிடும் கட்டங்களும் இருக்கும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் திகைக்க மாட்டார்.

நினைவூட்டலும் மாற்று ஏற்பாடும்

தளத்தில் கடிதத்தின் நிலை தெரியும். நீங்கள் கொடுத்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு முறை, ஒரு வாரம் முன்பு ஒரு முறை, இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். 'கடிதம் இன்னும் வரவில்லை' என்று எழுதாமல், 'கட்டுரையை இறுதி செய்துவிட்டேன், புதிய பிரதி இணைப்பில். செப்டம்பர் 17ஆம் தேதிக்குள் முடிய வேறு ஏதாவது தேவையா' என்று எழுதலாம். தேதி தாண்டியும் சத்தமில்லை என்றால் ஒருமுறை போன் செய்வதில் தப்பில்லை.

மூன்று கடிதம் வேண்டுமென்றால் நான்கு பேரிடம் பேசி வையுங்கள். நான்காமவரிடம் 'தேவைப்பட்டால்' என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். வந்துவிட்ட கடிதத்தை மாற்ற முடியாது, வராததை நீக்கிவிட்டு வேறொருவர் பெயரைச் சேர்க்கலாம். மாற்றும் முன் பழையவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், அவர் பாதி எழுதி வைத்திருக்கக்கூடும்.

கடிதம் சேர்ந்ததும் கையால் எழுதிய நன்றிக் கார்டு ஒன்று போதும். புடவை, வெள்ளிக் கிண்ணம், பரிசு அட்டை எதுவும் வேண்டாம். விலையுள்ள பொருளை வாங்கப் பல கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் விதி அனுமதிக்காது, அவரைச் சங்கடத்தில் நிறுத்திவிடுவீர்கள். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எழுதிய ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். கிடைக்காமல் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பதாக இருந்தால் அதே மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள், கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பார். அந்த முறை அவருக்கு அனுப்பும் குறிப்பில், இடைப்பட்ட ஆண்டில் நீங்கள் செய்த ஹாஸ்பிஸ் பணியோ முடித்த பாடமோ ஒன்றாவது புதிதாக இருக்கட்டும்.